புதுமணத் தம்பதியின் முதல் வருடம்: விருந்து, நண்பர்கள், இரண்டு பேருக்கான நேரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கல்யாணம் முடிந்த கையோடு ஆரம்பிக்கிற ஓட்டம் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்து உறவு, அந்தப் பக்கத்து உறவு, பள்ளிக்கூட நண்பர்கள், ஆபீஸ் ஆட்கள் என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். இதற்கு நடுவில்தான் புதுக் குடித்தனமும் நடக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எல்லா இடத்துக்கும் போயே ஆக வேண்டுமா?

வேண்டாம். முதலில், கூப்பிடுவது வேறு, அன்பாக இரண்டு வார்த்தை சொல்வது வேறு. "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று மண்டபத்து வாசலில் சொன்னவர் உங்களுக்காக உலை வைத்துக் காத்திருக்கவில்லை. "கண்டிப்பா வரோம்" என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொல்லலாம், அதில் பொய் எதுவும் இல்லை. தேதியும் நேரமும் சொல்லி, "என்ன சாப்பிடுவீங்க" என்று விசாரிக்கிறவர்தான் உண்மையில் அழைக்கிறவர். அவருக்கு மட்டும் வருகிறோம், வரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதுதான் அவருக்குப் பெரிய தொந்தரவு.

யாரை முந்திப் பார்ப்பது என்று குழப்பம் வந்தால், உடம்பு முடியாமல் கல்யாணத்துக்கு வர இயலாத பெரியவர்களிடம் முதலில் போங்கள். அடுத்து, கல்யாண வேலைக்காக அலைந்தவர்கள். உங்கள் வயது நண்பர்கள் காத்திருக்கட்டும். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் ஒரு ஃபோனில் சரியாகிவிடும்.

என்னைக் கேட்காமலே அவர் "வரோம்" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். முதல் வருடத்துச் சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

இப்படித்தான் நடக்கும். வாரம் முழுக்க வேலை. விடுமுறை நாளில் மெதுவாக எழுந்து, வந்ததிலிருந்து பிரிக்காமல் கிடக்கிற பெட்டிகளைப் பிரிக்கலாம் என்று ஒருவர் நினைத்திருப்பார். முந்தின ராத்திரி, பல் தேய்த்துக்கொண்டே மற்றவர் சொல்வார்: "ஆமா, சொல்ல மறந்துட்டேன், நாளைக்குப் பெரியப்பா வீட்டுல சாப்பாடு." அந்த "சொல்ல மறந்துட்டேன்"தான் சுருக்கென்று படுகிறது. பெரியப்பா மேல் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை.

சொன்னவரிடமும் கெட்ட எண்ணம் கிடையாது. இத்தனை வருடமாக அவர் தனக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். இப்போது ஒருவர் வாயிலிருந்து வருகிற "சரி" இரண்டு பேரின் நாளையும் எடுத்துக்கொள்கிறது என்பது பழக்கத்தில் இன்னும் ஏறவில்லை. அழைப்பு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வருகிறது, களைப்பு மட்டும் தனித்தனியாக வருகிறது. இந்த ஓட்டத்தில் வருகிற அநேகத் தகராறுகளுக்கு இதுதான் வேர்.

அதனால் ஒரே ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்: யார் கூப்பிட்டாலும் "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்." பெற்ற தாய் கூப்பிட்டாலும் இதே பதில்தான். ஆரம்பத்தில் "இப்பவே இப்படியா?" என்று ஒரு சிரிப்பு எழும். எழட்டும். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர்களே "கேட்டுட்டுச் சொல்லு" என்பார்கள்.

போக முடியாது என்று முடிவானால், சொல்கிற விதத்தில் கவனம் வேண்டும். "அவளுக்கு அலைச்சல் ஒத்துக்காது", "அவர் வரமாட்டேங்கிறார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் தப்பிக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு பத்து வருடம் கழித்தும் ஏதாவது ஒரு கூட்டத்தில் திரும்ப வரும். "அன்னிக்கு எங்களுக்குத் தோதுப்படாது" என்றால் போதும். காரணமே கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

கூட்டம் என்றால் எனக்கு உற்சாகம். அவருக்கு ஒரு மணி நேரத்தில் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது?

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைப் போகும் வழியிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய்க் கண்ணால் ஜாடை காட்டினால் பத்துப் பேர் பார்ப்பார்கள், "என்னப்பா, மாப்பிள்ளைக்குத் தூக்கமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

எல்லா இடத்துக்கும் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரியவர்கள் வீட்டுக்கு முதல் தடவை மட்டும் சேர்ந்து போவது மரியாதை. அதற்குப் பிறகு உங்கள் கல்லூரித் தோழிகளின் அரட்டைக்கு அவரை இழுத்துக்கொண்டு போய், தெரியாத வாத்தியார்களைப் பற்றிய கதைகளை மூன்று மணி நேரம் கேட்க வைப்பது அவருக்குத் தண்டனை. உங்களுக்கும்தான். பாதிக் கதை சொல்வீர்கள், மீதி நேரம் அவர் முகத்தைப் பார்ப்பீர்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு என் நெருங்கிய தோழிகள் விலகிப் போகிறார்கள். என்மேல் தப்பா?

தப்பு என்பதைவிடக் கணக்கு என்று சொல்லலாம். ராபின் டன்பார் என்கிற பிரிட்டிஷ் ஆய்வாளர் மனித உறவுகளை அடுக்கடுக்காகப் பார்க்கிறார்: உயிருக்கு உயிராக ஏறக்குறைய 5 பேர், அவர்களையும் சேர்த்து நெருக்கமாக 15, நல்ல பழக்கமாக 50, முகமும் கதையும் தெரிந்தவர்களாக 150. உள்ளே இருக்கிற அந்த 5 பேருக்குத்தான் நம் நேரத்தில் பெரும்பங்கு போகிறது. அங்கே காதலரோ துணையோ புதிதாக வந்து உட்காரும்போது, சராசரியாக இரண்டு பேர் வெளி அடுக்குக்கு நகர்ந்துவிடுகிறார்கள் என்பது அவரும் சக ஆய்வாளர்களும் கண்டது. நேரம் அதேதான், பங்கு கேட்பவர் கூடிவிட்டார்.

கொஞ்சம் நகர்வது இயற்கை. ஆனால் ஒருத்தியை இழக்கக் கூடாது என்று நினைத்தால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். குரூப்பில் வாழ்த்துப் படம் அனுப்புவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். ஃபோன் செய்து பேசுங்கள். பேசும்போது புதுவீட்டுப் புராணத்தைச் சுருக்கி, அவள் விஷயத்தைக் கேளுங்கள். இன்னும் கல்யாணமாகாத தோழி விலகுவதற்கு முக்கியக் காரணமே, "நாங்க போனோம், நாங்க வாங்கினோம்" என்று எல்லா வாக்கியமும் "நாங்க"வில் தொடங்குவதுதான். அவளுக்கு வேண்டியது பழைய ஒருமையில் இருந்த நீங்கள்.

இன்னொரு விஷயம். தோழியிடம் பேசுவதையெல்லாம் துணையிடம் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் ரகசியம் அவளுடையது. "எங்க ரெண்டு பேருக்குள்ள ஒளிவுமறைவே கிடையாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் நண்பர்கள் மனம்விட்டுப் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

அவருடைய நண்பர்கள் வட்டத்தில் நான் மட்டும் அந்நியமாக உட்கார்ந்திருக்கிறேன். எப்போது ஒட்டும்?

உடனே ஒட்டாது, ஒட்டவில்லை என்று கவலைப்படவும் வேண்டாம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பு வரைக்கும் வரவே ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. நண்பர் என்று சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பர் என்று சொல்ல 200 மணிக்கு மேல். மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம் பார்க்கிற கூட்டத்தில் 50 மணி சேர ஒன்றரை வருடம் பிடிக்கும்தானே? அவர்கள் அத்தனை பேரும் அந்த மணிகளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எப்போதோ சேர்த்துவிட்டவர்கள்.

மொத்தக் கூட்டத்தோடும் பழகப் பார்க்காமல், உங்களுக்குப் பிடித்துப்போன ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அநேகமாக அது அந்த வட்டத்துக்குள் உங்களைப் போலவே கல்யாணத்தின் வழியாக வந்த இன்னொருவராக இருப்பார். அவருக்கும் அந்தப் பழைய ஜோக்குகள் புரிந்திருக்காது.

வீட்டுக்கு முதல் முறையாக ஆட்களைக் கூப்பிடுகிறோம். பயமாக இருக்கிறது.

நாலு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். உங்களுக்கு நன்றாகச் செய்ய வருவதைச் சமையுங்கள், பரீட்சார்த்தம் எல்லாம் வேறொரு நாள். ஒருவர் அடுப்படியிலேயே நின்று வேகுவதும் மற்றவர் கூடத்தில் சிரித்துக்கொண்டிருப்பதும் முதல் விருந்திலேயே வழக்கமாகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். அதனால் அன்றைக்கே முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

வீடு ஒழுங்காக இல்லை என்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது வந்தவர்கள் போன பிறகு வருகிற அரைமணி நேரம். கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவது. தொட்டியில் டம்ளர்கள் குவிந்திருக்கும். ஒருவர் சோப்புப் போட, மற்றவர் அலசி வைக்க, "அவன் அந்தக் கதையை இன்னும் எத்தனை தடவை சொல்வான்?" என்று பேச்சு ஓடும். விருந்து நன்றாக நடந்ததோ இல்லையோ, இந்தப் புறணி நன்றாகவே நடக்கும். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று ஒருவர் மட்டும் போய்ப் படுத்துக்கொள்கிற வீட்டில் இது கிடைக்காது.

இவ்வளவு ஓட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கு என்று நேரமே இல்லை. தனியாக வெளியூர்ப் பயணம் போனால் சரியாகுமா?

போனால் நல்லது. ஆனால் பயணம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. மீதி நாட்களை என்ன செய்வது?

ஜான் காட்மன் என்கிற அமெரிக்க உளவியலாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன வீடு மாதிரி ஆய்வுக்கூடம் அமைத்து, புதிதாகக் கல்யாணமானவர்களை அங்கே ஒரு நாள் தங்க வைத்துப் பார்த்தார். அவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதோடு, சும்மா இருக்கும்போது என்ன செய்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார். ஒருவர் "அங்க பாரேன்" என்று எதையோ காட்டும்போது மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா என்பதுதான் அவர் கவனித்த விஷயம். ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சேர்ந்தே வாழ்ந்தவர்கள் அன்றைக்கு 86 சதவீதத் தடவை திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதம்தான்.

வீட்டில் இதை நீங்களே பார்க்கலாம். ஜன்னல் பக்கம் நின்று ஒருவர் சொல்கிறார்: "அந்தப் பூனை மதில்மேல எப்படி நடக்குது பாரேன்." மற்றவர் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" என்கிறார். பூனை போய்விடுகிறது. சண்டை ஒன்றும் வரவில்லை, யாருக்கும் கோபமும் இல்லை. ஆனால் அடுத்த தடவை பூனை வந்தால் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசனை வரும். எழுந்து வந்து பார்க்க எத்தனை நேரம் ஆகிவிடப்போகிறது? அதற்கென்று தனி நேரம் ஒதுக்கவே வேண்டாம்.

நல்ல செய்தி சொல்லும்போதும் இதேதான். ஷெல்லி கேபிள் என்கிற உளவியலாளர் 2006-இல் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கஷ்டத்தில் துணை நிற்பதைவிட, நல்லது நடக்கும்போது அதில் உற்சாகமாகக் கலந்துகொள்வதுதான் உறவின் நிறைவோடு அதிகம் சேர்ந்து போனது. "இன்னிக்கு மேனேஜர் எல்லார் முன்னாலயும் பாராட்டினார்" என்று ஒருவர் வந்து சொன்னால், "ஓ, நல்லது, கேஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிடாதீர்கள். "என்ன சொன்னாரு? முழுசா சொல்லு" என்று கேளுங்கள். கேஸை அப்புறம் புக் பண்ணிக்கொள்ளலாம்.

இதோடு, வாரத்தில் ஒரு மாலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். அந்த மாலைக்குத் திட்டம் எதுவும் போடாதீர்கள். திட்டம் போட்டால் அதுவும் இன்னொரு நிகழ்ச்சியாகிவிடும். துணி மடிக்கலாம், தூங்கலாம், பக்கத்துத் தெருவரைக்கும் காலாற நடந்துவிட்டு வரலாம். அந்த நாளுக்கு யாராவது கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆரம்பத்தில் இருந்த சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற மாதிரி இருக்கிறதே?

ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து விசாரித்த தரவுகளை வைத்து, ரிச்சர்ட் லூகாஸும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்யாணத்தை ஒட்டி மனநிறைவு சற்று ஏறுகிறது, ஓரிரு வருடத்தில் சராசரி ஆள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார் என்றது அது. இது சராசரிதான். ஏறினது இறங்காமலே இருந்தவர்களும் அதில் உண்டு, இறங்கிப் போனவர்களும் உண்டு. ஆகவே குறைகிற மாதிரி தோன்றினால் ஆளை மாற்றிக் கட்டிக்கொண்டோம் என்று பதற வேண்டியதில்லை.

பழகிப்போனதைக் கொஞ்சம் கலைத்துவிட ஒரு வழி உண்டு. ஆர்தர் ஏரன் என்கிற உளவியலாளர் 2000-இல் வெளியிட்ட சோதனைகளில், தம்பதிகளின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, மண்டியிட்டுத் தவழ்ந்தபடியே ஒரு தலையணையைக் கையால் தொடாமல் மறுபக்கம் கொண்டுபோகச் சொன்னார். கோமாளித்தனம்தான். ஆனால் சும்மா சலிப்பூட்டும் வேலை செய்த ஜோடிகளைவிட இந்தக் கோமாளித்தனம் செய்தவர்கள், உறவில் திருப்தி கூடியிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்குமே தெரியாத ஒன்றைச் சேர்ந்து செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவருக்கு நன்றாகத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது இதில் சேராது. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து யாருடைய உறவும் வளர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பக்கத்து வீட்டுக்கும் சமமாகப் போவது எப்படி?

தடவைகளை எண்ணாதீர்கள், எண்ண ஆரம்பித்தால் முடிவே கிடையாது. ஒரு வீடு பக்கத்தில் இருக்கும், மற்றது தூரத்தில் இருக்கும். ஒரு வீட்டில் ஆள் நிறைய, இன்னொன்றில் அம்மா மட்டும் தனியாக இருப்பார். "என் வீட்டுக்கு ஒரு தரம் கூடக் குறையக் கூடாது" என்பதைவிட, யாருக்கு இப்போது ஆள் வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் சுலபம்.

தங்குவதில் மட்டும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பெற்ற வீட்டுக்கும் ஓரளவு பொருந்தும். அப்புறம், சொந்தப் பெற்றோரிடம் "முடியாது" என்று சொல்ல வேண்டி வந்தால் அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் திமிர், மருமகன் சொன்னால் முறுக்கு என்று ஆகிவிடும். பிள்ளை சொன்னால் ஒரு வேளை முகம் தூக்குவதோடு போய்விடும்.

போகிற இடத்துப் படங்களையெல்லாம் போடலாமா?

போட வேண்டும் என்றால் போடுங்கள். ஒரு வீட்டு விருந்துப் படத்தைப் போட்டால், இன்னும் போகாத மற்ற வீடுகளும் அதைப் பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். "அங்கே போக மட்டும் நேரம் இருந்துச்சா?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும்.

செலவு கையைக் கடிக்கிறது.

கடிக்கும். போகும் இடமெல்லாம் கையில் ஏதாவது, புதுத்துணி, வண்டிச் செலவு. இதற்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அது தீர்ந்ததும் அடுத்த அழைப்பை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுங்கள். ஒரே உடையை இரண்டு வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம், யாரும் பதிவேடு வைத்திருக்கவில்லை.

போகிற இடமெல்லாம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேறு பேச்சுத் தெரியாது. "இருந்தா சொல்லாம இருப்போமா?" என்று சிரித்துவிட்டு, உடனே அவரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்றால் பேச்சு அந்தப் பக்கம் போய் அரைமணி நேரம் நிற்கும்.

ஆனால் ஒரே ஆள் பார்க்கும்போதெல்லாம் கேட்டு, அது உங்கள் துணைக்கு வலிக்கிறது என்று தெரிந்தால், அந்த ஆள் யாருடைய உறவோ அவர் தனியாகக் கூப்பிட்டு "இதை இனிமேல் கேட்காதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். சபையில் சொன்னால் மானப் பிரச்சினை ஆகிவிடும். தனியாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த ஓட்டம் எப்போதுதான் குறையும்?

தானாகவே குறையும். உறவில் அடுத்த கல்யாணம் நடந்ததும் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஃபோன் வராத முதல் விடுமுறை நாளில் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அதற்கடுத்த சில வாரங்களில், யாரையாவது பார்த்தால் தேவலை என்று உங்களில் ஒருவர் ஆரம்பிப்பார். இந்த வருடம் போன வீடுகளில் எங்கே நேரம் போனதே தெரியவில்லையோ, அந்த வீட்டுக்காரர்களை அப்போது உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தேதியும் நேரமும் சொல்லிக் கூப்பிடுங்கள்.